ஹோட்டன் சமவெளியில் ஒரு நாள்

நுவரெலியாவில் வாடகைக்கு அமர்த்திய வேனில் அம்மா, மனைவி, இரு பிள்ளைகள் சகிதம் அதிகாலை நான்கரை மணிக்கே ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்குப் புறப்பட்டோம். பத்து மணியளவில் மூடுபனி மேலெழுந்து ‘உலக முடிவு’ எனப்படும் செங்குத்துப் பள்ளத்தை மறைத்துவிடும் என்பதால், படமெடுக்க வருபவர்கள் வாயில் திறக்கும் வேளைக்கே அங்கே நிற்பது அவசியம். நுழைவாயிலில் பிள்ளைகளின் பிஸ்கட்டுகளைப் பொலித்தீன் உறையிலிருந்து காகிதப் பைக்குப் பொறுமையாக மாற்றித் தந்தார்கள். இந்தக் கண்டிப்பை நான் மனமார வரவேற்கிறேன்.

ஏறத்தாழ 9 கிலோமீற்றர் சுற்றுப்பாதையை ஐந்து மணிநேரத்தில் முடித்தோம். கமெரா முக்காலியைத் தரையோடு தாழ்த்தி, சாய்வான காலை வெயிலுக்கு எதிராகப் பார்த்தபோது, ஒவ்வொரு புல் நுனியிலும் தனித்தனியே பனித்துளி ஒளிர்ந்தது. செங்குத்துப் பள்ளத்தைவிட அந்தப் படமே எனக்கு நிறைவளித்தது.

வேனின் பின்னிருக்கைகளில் இருக்கைப்பட்டி இல்லாதது, வளைவுகள் நிறைந்த மலைப்பாதையில் பெருங்குறையாகும். முன்பதிவின்போதே அதைக் கேட்டு உறுதிசெய்யுங்கள். பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் பாதை ஈரத்தில் வழுக்குவதால், முதியோருக்கு ஊன்றுகோல் எடுத்துச் செல்லுங்கள்.