குளத்தை மூட வந்தவர்கள் செய்யாமல் போன வேலை

தண்ணீர் உறைகிற அளவுக்குக் குளிர் வரும் இடத்தில், வீட்டுக் கொல்லையில் நீச்சல் குளம் வைத்திருக்கிறீர்களா? குளிர்காலத்துக்கு அதை மூட, அதாவது குழாய்களிலும் பம்பிலும் உள்ள தண்ணீரை வெளியேற்றி, மேலே கவர் போட்டு வைக்க, ஆள் வைக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு நடந்தது உங்களுக்கும் நடக்க வேண்டாம்.

போன வருஷம் குளத்தை மூட ஒரு நிறுவனத்தை அழைத்தேன். அவர்கள் வந்தபோது நான் வேலையில் இருந்தேன். மாலையில் வந்து பார்த்தால் கவர் இறுக்கமாகப் போட்டிருந்தது, ஓரங்களில் தண்ணீர்ப் பைகள் வரிசையாக இருந்தன, பார்க்கவே திருப்தியாக இருந்தது. ரசீதில் ஒரே வரி: "குளிர்கால மூடல், முழுமையாக." "ரெண்டு பேர் வந்தாங்க, அரை மணி நேரம்கூட ஆகல, மெஷின் சத்தமே கேட்கல" என்று மனைவி சொன்னாள். அந்தக் கடைசி வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அன்று தெரியாது.

வசந்த காலத்தில் கவரை எடுத்தோம். தண்ணீர் கரும்பச்சை. அதையாவது சரிசெய்துகொள்ளலாம் என்று பம்பை ஓட்டினேன். பம்பின் அடியிலிருந்து தண்ணீர் பீய்ச்சியது. உடம்பில் நீளமாக ஒரு விரிசல். குனிந்து பார்த்தால், குளிர்காலத்துக்கு முன் கட்டாயம் கழற்ற வேண்டிய டிரெயின் பிளக் (உள்ளிருக்கும் தண்ணீரை வடிக்கும் துளையின் மூடி) இரண்டும் பம்பிலேயே திருகியபடி இருந்தன. ஃபில்டரின் அடியில் இருந்த பிளக்கும் அப்படியே இருந்தது. குளிர்காலம் முழுவதும் தண்ணீர் உள்ளேயே நின்று உறைந்திருக்கிறது. உறையும்போது தண்ணீரின் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும். மூடிய பாத்திரத்துக்குள் அதற்கு இடம் ஏது?

பம்பை மாற்றினேன். அப்போதும் அது காற்றைத்தான் இழுத்தது, குளத்தின் மட்டமும் தினமும் இறங்கியது. குழாய்களுக்கு அழுத்தச் சோதனை செய்ததில் ஸ்கிம்மர் (நீர்மட்டத்தில் மிதக்கும் குப்பையோடு தண்ணீரை இழுக்கும் பெட்டி) குழாயில் மட்டும் அழுத்தம் நிற்கவே இல்லை. நடைதளத்துக் கான்கிரீட்டை உடைத்துத் தோண்டினோம். அடியில் ஒரு முழங்கை இணைப்பு பிளந்திருந்தது. குளத்தை மூடுவதற்குக் கொடுத்த பணத்தைப் போலப் பல மடங்கு அந்த ஒரு குழிக்கே போனது.

அவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. குழாய்களில் காற்று ஊதித் தண்ணீரை வெளியேற்றவே இல்லை. ஸ்கிம்மருக்குள் கொஞ்சம் ஆன்டிஃப்ரீஸை (உறையாமல் காக்கும் திரவத்தை) ஊற்றிவிட்டு, ரிட்டர்ன் வாய்களை (வடிகட்டிய தண்ணீர் குளத்துக்குத் திரும்பும் துளைகளை) அடைத்துவிட்டுப் போய்விட்டார்கள். தண்ணீர் நிறைந்த குழாயில் ஆன்டிஃப்ரீஸை ஊற்றினால் அது நீர்த்துப்போகும், உறைவதைத் தடுக்கிற சக்தி அதில் மிஞ்சாது. மனைவிக்குக் கேட்காத அந்த மெஷின் சத்தம் கம்ப்ரஸர் சத்தம்தான்.

தொலைபேசியில் கேட்டதற்கு "இந்த வருஷம் குளிர் அதிகம், இயற்கைக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்றார்கள். பிளக்குகள் அப்படியே இருந்த படங்களை அனுப்பினேன். குழாய் பழசு என்றார்கள். கடைசியில், அடுத்த மூடலுக்குப் பாதிக் கட்டணம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ரசீதில் எந்த வேலையும் தனியாக எழுதப்படாததால் எனக்குப் பிடிமானம் எதுவும் இல்லை.

இந்த வருஷம் நானே மூடினேன். ஒரு பகல் முழுக்க ஆனது, அவ்வளவுதான். செய்து பார்த்த பிறகு, அரை மணி நேரத்தில் இது முடியவே முடியாது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

தண்ணீரின் வெப்பம் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்வரை காத்திருந்தேன். வெதுவெதுப்பாக இருக்கும்போதே மூடினால் கவருக்கு அடியில் பாசி வளரும். பிஹெச் 7.4 முதல் 7.6, காரத்தன்மை 80 முதல் 120 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்று சரிசெய்து, சில நாள் முன்னதாகவே அதிக அளவில் குளோரின் போட்டேன். அந்தக் குளோரின் வழக்கமான அளவுக்கு இறங்கிய பிறகுதான் பாசிக்கொல்லி. ஒரு விஷயம்: மாத்திரைக் குளோரினையும் தூள் குளோரினையும் ஒரே வாளியில் கலக்காதீர்கள், ஒரே அளவைக் கரண்டியைக்கூட இரண்டுக்கும் போடாதீர்கள். வகை மாறிக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.

அப்புறம், உயிரான வேலை ஊதுவதுதான். முதலில் பம்புக்கும் ஹீட்டருக்கும் மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்தினேன், எரிவாயுவையும் மூடினேன். தண்ணீரை ஸ்கிம்மர் வாய்க்குக் கீழே இறக்கிவிட்டு, பம்ப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு குழாயாக ஊதினேன். இதற்கு நிறையக் காற்று வேண்டும், அழுத்தம் அதிகம் கூடாது. அழுத்தத்தை ஏற்றினால் இணைப்புகள் விட்டுப்போகும். ரிட்டர்ன் வாய்களில் முதலில் தண்ணீர் கொப்பளிக்கும், பிறகு வெறும் குமிழி வரும். காற்று ஓடிக்கொண்டிருக்கும்போதே ரப்பர் பிளக்கைத் திருகி அடைக்க வேண்டும். குளத்தின் ஆழத்தில் உள்ள மெயின் டிரெயினை (அடித்தள வடிகால் வாயை) அடைக்க முடியாது. அங்கே குமிழி கொப்பளித்து எழும்வரை ஊதி, காற்றை நிறுத்தாமலே வால்வை மூடினேன். உள்ளே சிக்கிய காற்று தண்ணீரைத் திரும்பவிடாது.

ஆன்டிஃப்ரீஸ் இதற்கெல்லாம் பிறகுதான், அதுவும் குளத்துக்கென்றே விற்கிற புரோப்பிலின் கிளைகால் வகை. காருக்கு ஊற்றுவது பெரும்பாலும் எத்திலீன் கிளைகால், அது விஷம். குழந்தைகள் நீந்துகிற தண்ணீரின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஸ்கிம்மருக்குள் ஒரு வெற்று பிளாஸ்டிக் குழல் திருகினேன். ஐஸ் விரியும்போது ஸ்கிம்மருக்குப் பதில் அது நசுங்கிக்கொடுக்கும்.

"தண்ணீரை மொத்தமாக இறைத்துவிட்டால் உறைய என்ன இருக்கிறது?" என்று ஒரு நண்பர் கேட்டார். தயவுசெய்து செய்யாதீர்கள். காலியான குளத்தை நிலத்தடி நீர் அடியிலிருந்து தூக்கிவிடும். ஃபைபர் குளம், கான்கிரீட் குளம் இரண்டுக்கும் அந்த ஆபத்து உண்டு. குளத்தின் உட்புறம் விரித்த வினைல் லைனர் (பிளாஸ்டிக் விரிப்பு) என்றால் அது சுருங்கிக் கிழியும்.

ஆள் வைத்தே ஆக வேண்டுமென்றால், வேலை முடியும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். கவர் விழுந்த பிறகு எதையும் சரிபார்க்க முடியாது. ஒவ்வொரு ரிட்டர்னிலும் குமிழி வருகிறதா என்று நீங்களே பாருங்கள், கைப்பேசியில் படம் பிடியுங்கள். பம்ப், ஃபில்டர், ஹீட்டரிலிருந்து கழற்றிய பிளக்குகளை உங்கள் கையில் கேட்டு வாங்கி எண்ணுங்கள். என்னுடையவை இப்போது ஒரு பையில், பம்பின் வடிகூடைக்குள் இருக்கின்றன. குழாய் ஊதியது, பிளக் கழற்றியது, வால்வு மூடியது என்று ரசீதில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். பணம் கொடுக்கும் முன் அந்தத் தாளைத் திருப்பிப் பாருங்கள். உறைபனியால் வரும் எந்தச் சேதத்துக்கும் பொறுப்பல்ல என்ற வரி, என் ரசீதின் பின்பக்கத்தில், சின்ன எழுத்தில் இருந்தது.