தண்டுவடச் செல்லின் பொடி மின்னோட்டங்களும் ஆக்ஸோபேட்ச் 200பி-யும்

எலியின் தண்டுவடத்தை மெல்லிய சீவலாக நறுக்கி, பின்கொம்பின் (உணர்வுச் செய்திகளை வாங்கும் பின்பகுதி) இரண்டாம் அடுக்குச் செல்களில் மினி மின்னோட்டங்களைப் பதிவு செய்ய, சின்ன மின்னோட்டங்களைப் பெருக்கிக் காட்டும் ஆக்ஸோபேட்ச் 200பி ஆம்ப்ளிஃபயரைத்தான் பயன்படுத்துகிறேன். ஒரு மினி என்பது, நரம்புச் செல்கள் இணையும் சினாப்ஸில் ஒரு பொட்டலம் வேதிப்பொருள் தானாக வெளிப்படும்போது எழும் மின்னோட்டம்; பெரும்பாலும் பத்து, இருபது பிக்கோ ஆம்பியர். ஒரு பிக்கோ ஆம்பியர் என்றால் ஒரு ஆம்பியரை லட்சம் கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு. பதிவின் அடிக்கோடு (எதுவும் நடக்காதபோது தெரியும் கோடு) நடுங்கினால் அவ்வளவுதான், எது சினாப்ஸ், எது இரைச்சல் என்றே தெரியாது.

இதன் ஹெட்ஸ்டேஜ் (செல்லைத் தொடும் கண்ணாடி நுண்குழாயான பிப்பெட்டைத் தாங்கும் முன்பெருக்கி) உள்ளுக்குள் குளிரூட்டப்படுவதுதான் பெரிய பேச்சு. ஆனால் அதன் முழுப் பலன் ஒற்றை அயனிக் கால்வாயைப் பதிவு செய்பவர்களுக்குத்தான், ஏனென்றால் முழுச்செல் பதிவில் (சவ்வைத் திறந்து மொத்தச் செல்லின் மின்னோட்டத்தையும் எடுப்பது) இரைச்சலின் பெரும்பங்கு பிப்பெட் முனையின் தடையும் செல்லின் கொண்மமும் (மின்னூட்டத்தைத் தேக்கும் திறன்) சேர்ந்து உண்டாக்குவது, அதை எந்தக் குளிரூட்டலும் குறைக்காது. மினிக்காக மட்டும் வாங்குகிறீர்கள் என்றால் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்தது திருகுகள். சோதனைத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே கொண்மத் திருகையும் தொடர்தடைத் திருகையும் (பிப்பெட்டுக்கும் செல்லுக்கும் இடையிலான தடைக்கானது) மாறி மாறித் திருப்பினால், ஓரங்களில் நிற்கும் கூர் முனைகள் கண்ணெதிரே கரைந்து போகும். கைக்கு அது பழகிவிட்டால் மௌஸைத் தொடவே மனம் வராது. ஆனால் தொடர்தடை அளவு கணினிக்குத் தானாகப் போகாது, நோட்டில் எழுத வேண்டும். அது தொடக்க அளவைவிட 20 சதவீதத்துக்கு மேல் ஏறினால் அந்தச் செல்லை நான் விட்டுவிடுவேன்.

நரம்புத் துடிப்புகளை நிறுத்தும் டெட்ரோடோடாக்சின் ஊற்றி, செல்லை 0 மில்லிவோல்ட்டில் நிறுத்தி, 2 கிலோஹெர்ட்ஸ் வடிகட்டி வைத்துப் பாருங்கள். கிளைசினும் காபாவும் செல்லை அடக்கும் வேதிப்பொருள்கள்; கிளைசின் மினி சட்டென எழுந்து சட்டெனச் சரியும், காபா மினி மெதுவாக இறங்கும். கிளைசினைத் தடுக்கும் ஸ்ட்ரிக்னின் விட்டதும் வேகமானவை ஒவ்வொன்றாக மறைந்து, அந்த நீண்ட வால்கள் மட்டும் மிஞ்சுவதை முதல்முறை பார்த்தபோது இருக்கையை விட்டு எழுந்தே விட்டேன். அதற்கு முன் ஒரு வாரம், மின்இணைப்பிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் எங்கிருந்து வருகிறது என்று தேடி அலைந்திருந்தேன். கடைசியில் நுண்ணோக்கி விளக்கின் மின்கம்பி. ஆம்ப்ளிஃபயர் மேல் எந்தத் தப்பும் இல்லை.

அப்புறம் ஒன்று, ஹெட்ஸ்டேஜைத் தொடும் முன் எர்த் ஆன உலோகத்தை ஒருமுறை தொட்டுவிடுங்கள், விரலில் இருக்கும் நிலைமின்சாரமே அதைக் கெடுக்கப் போதும்.