ஜிஆர்இ ஆன்லைன் கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் அசமன்பாடு பாடத்தைப் பாருங்கள்

மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான ஜிஆர்இயின் கணக்குப் பகுதிக்காக நான் பணம் கட்டிச் சேர்ந்த ஆன்லைன் கோர்ஸ், அசமன்பாடுகளை, அதாவது ஒரு பக்கம் இன்னொன்றைவிடப் பெரியது அல்லது சிறியது என்று வரும் கணக்குகளை, தப்பாகச் சொல்லிக் கொடுத்தது. எடுத்துக் காட்டிய பிறகும் திருத்தவில்லை, பணமும் திரும்ப வரவில்லை. இன்னொருவர் ஏமாறக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

எந்த அசமன்பாட்டையும் நொடியில் முடிக்கலாம் என்பது அவர்கள் விளம்பரம். இரண்டு பக்கத்தையும் எக்ஸால் பெருக்கு, இல்லையென்றால் வகு, விடையை எழுது, அவ்வளவுதான். எக்ஸ் மிகை எண்ணா, குறை எண்ணா என்ற பேச்சே வீடியோவில் இல்லை.

6/எக்ஸ் > 2 என்ற கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வழியில் 6 > 2எக்ஸ், ஆகவே எக்ஸ் < 3. சரி, எக்ஸுக்கு -1 போடுங்கள். 3-ஐவிடச் சிறியதுதான், ஆனால் 6/(-1) என்பது -6. அது 2-ஐவிடப் பெரிதா? குறை எண்ணால் பெருக்கினால் பெரியது, சிறியது என்ற குறி திரும்ப வேண்டும். திருப்பினால் எக்ஸ் > 3 என்று வரும். எந்தக் குறை எண்ணும் அப்படி இருக்க முடியாது. அதனால் சரியான விடை 0 < எக்ஸ் < 3 மட்டுமே.

இரண்டு அளவுகளை ஒப்பிடச் சொல்லும் கேள்விகளில் நிலைமை இன்னும் மோசம். எக்ஸ்² > எக்ஸ் என்று கொடுத்து, எக்ஸ் பெரியதா, 1 பெரியதா என்று கேட்டிருந்தார்கள். எக்ஸால் வகுத்துவிட்டு 'எக்ஸ் பெரியது' என்று விடை போட்டிருந்தார்கள். எக்ஸ் 2 என்றால் அது பொருந்தும். -1 என்றால்? 1 > -1, நிபந்தனை சரியாகவே இருக்கிறது, ஆனால் எக்ஸ் 1-ஐவிடச் சிறியது. 'சொல்ல முடியாது' என்ற நாலாவது விடைதான் சரி. இப்படிப்பட்ட இடத்தில் பிடிப்பதற்கென்றே போடும் கேள்வி இது.

அவர்களுடைய மாதிரித் தேர்வுகளும் அதே தப்பான விடைகளை வைத்தே திருத்தப்பட்டவை. அதனால் மார்க் அள்ளி வந்தது. தேர்வை நடத்தும் இடிஎஸ் இலவசமாகத் தரும் பவர்பிரெப் தேர்வை எழுதியபோதுதான் குட்டு உடைந்தது. ஜிஆர்இயில் கணக்கு இரண்டு பகுதி, மொத்தம் 27 கேள்வி, 47 நிமிடம். முதல் பகுதியில் எப்படிச் செய்கிறோம் என்பதைப் பார்த்துத்தான் இரண்டாவது பகுதியின் கடினம் அமையும். முதல் பகுதியில் சறுக்கினால் மேலே ஏறும் வழியே குறுகிவிடும்.

கோர்ஸ் நடத்துபவர்களிடம் இதைக் கேட்டதற்கு, "எக்ஸை மிகை எண் என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தது. கேள்வியில் இல்லாததை மாணவர் ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? மறுபடி கேட்டதும் சந்தேகம் கேட்கும் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஒரு வீடியோவைத் திறந்தாலே பணம் திரும்பாது என்ற விதி, பணம் கட்டிய பிறகு வந்த ரசீதில்தான் இருந்தது. இது பச்சை மோசடி.

எந்தக் கோர்ஸிலும் டெமோ வகுப்பில் இந்தக் கணக்கைக் கேளுங்கள்: (எக்ஸ்+1)/(எக்ஸ்-2) > 1. கண்மூடித்தனமாகப் பெருக்குபவருக்கு 1 > -2 என்று வரும், எல்லா எண்ணும் விடை என்பார். 1-ஐ இந்தப் பக்கம் கொண்டுவந்தால் 3/(எக்ஸ்-2) > 0, அதாவது எக்ஸ் > 2. எக்ஸுக்கு 0 போட்டாலே முதல் விடை தப்பு என்று தெரிந்துவிடும்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டீர்களா? ஒவ்வொரு விடையையும் -1, 0, 1/2 போட்டுச் சரிபாருங்கள். தப்பு தெரிந்தால், புகார் அனுப்புவதற்கு முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நீக்கிவிட்டால் பிறகு உள்ளே போக முடியாது.