டிஜிட்டல் கடிகாரக் கிட்: எதை வாங்கி சால்டர் பண்ணலாம்?

டிஜிட்டல் கடிகாரக் கிட் என்று தேடினால் எல்லாப் படங்களும் ஒரே மாதிரிதான் தெரியும். நாலோ ஆறோ சிவப்பு எண்கள், பின்னால் ஒரு போர்டு, பக்கத்தில் ஒரு பை நிறைய உதிரி பாகங்கள். படத்தை வைத்துத் தேர்வு செய்ய முடியாது. வாங்கும் முன் ஒன்றை மட்டும் பாருங்கள்: இந்தக் கடிகாரம் ஒரு நொடியை எங்கிருந்து எடுக்கிறது? அது தெரிந்தால், மாதக் கடைசியில் எவ்வளவு பிந்தும், கரண்ட் போனால் என்ன ஆகும், பழுது வந்தால் எங்கே தேடுவது என்பதெல்லாம் ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

முதலில் லாஜிக் ஐசி கிட், அதாவது நிரலே இல்லாமல் எளிய சிப்களை (ஐசி) மட்டும் வைத்து எண்ணுவது. எனக்குப் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். இதில் 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டல், அதாவது நொடிக்கு 32,768 முறை துடிக்கும் குவார்ட்ஸ் துண்டு இருக்கும். பதினைந்து 2-களை ஒன்றோடொன்று பெருக்கினால் வரும் எண் அது. சிடி4060 ஐசி அந்தத் துடிப்பை 14 முறை பாதியாக்கி, நொடிக்கு 2 துடிப்பு என்று கொண்டுவந்து நிறுத்தும். மிச்சமிருக்கும் ஒரு பாதியை சிடி4013 முடித்துக்கொடுக்கும். அப்புறம் எண்ணிக்கை. ஆறு சிடி4026 ஐசிகள் வரிசையாக நின்று ஆளுக்கு ஓர் இலக்கத்தைக் கவனித்துக்கொள்ளும்.

சிக்கல் என்னவென்றால் சிடி4026-க்கு 0 முதல் 9 வரை எண்ணத்தான் தெரியும். 59-க்கு அடுத்து 60 வராமல் 00 ஆக வேண்டும் அல்லவா? பத்துகளின் இலக்கம் 6-ஐத் தொட்டதும் யாராவது அதை பூஜ்யத்துக்குத் திருப்ப வேண்டும். இந்த ஐசியிலிருந்து பைனரி எண்ணாக எதுவும் வெளியே வராது, டிஸ்ப்ளேயில் எண்ணை வரையும் ஏழு கோடுகளுக்கான கம்பிகள்தான் வரும். அந்தக் கோடுகளையே உற்றுப் பார்த்தால் வழி கிடைக்கும். மேல் வலப்பக்கக் கோடு அணைந்து, கீழ் இடப்பக்கக் கோடு எரிவது பத்து எண்களில் 6-க்கு மட்டும்தான். 5-க்கும் மேல் வலக்கோடு அணைந்திருக்கும், ஆனால் கீழ் இடக்கோடும் எரியாது. ஓர் இன்வெர்ட்டர் (அணைந்ததை எரிவதாக மாற்றித் தரும் லாஜிக் கேட்), ஓர் ஆண்ட் கேட் (இரண்டு நிபந்தனையும் சேர்ந்தால்தான் ஆம் என்னும்) போட்டு இந்த நிலையைப் பிடித்து, பூஜ்யத்துக்குத் திருப்பும் ரீசெட் காலுக்குக் கொடுத்தால் வேலை முடிந்தது. இதை ஒரு முறை தாளில் வரைந்து பார்த்தவருக்கு டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸில் பாதி பயம் போய்விடும்.

ஆனால் உழைப்பு அதிகம். கவுன்டர் ஐசிகளின், அதாவது எண்ணும் அந்த ஆறு சிடி4026-இன் கால்கள் மட்டுமே 96. டிஸ்ப்ளே ஒவ்வொன்றுக்கும் 10 கால் என்றால் இன்னொரு 60. கோட்டுக்கு ஒரு ரெசிஸ்டர் வைக்கும் வடிவமைப்பானால் 42 ரெசிஸ்டர், அதாவது இன்னும் 84 இடங்களில் ஈயம் வைக்க வேண்டும். ஐசிகளை நேரடியாகப் பற்ற வைக்காமல் சாக்கெட் போட்டுவிடுங்கள். ஒரு ஐசியைத் திருப்பி மாட்டிவிட்டால் கழற்றுவது சுலபம். பழுது வந்தால் தேடுவதும் இதில்தான் எளிது. 4060-இன் மூன்றாம் காலில் நொடிக்கு இரண்டு துடிப்பு வருகிறதா, அடுத்த ஐசிக்குப் போகிறதா என்று ஒரு எல்இடியும் ரெசிஸ்டரும் வைத்தே படிப்படியாகப் பார்த்துவிடலாம். கரண்ட் போனால் மட்டும் எல்லாம் போச்சு. திரும்ப வந்ததும் கையால் நேரம் வைக்க வேண்டும்.

கிரிஸ்டலே இல்லாமல் மின்சார லைனின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸையே எண்ணும் பழைய வகையும் உண்டு. எல்எம்8560 ஐசி வைத்த கிட்கள் இந்த ரகம். 60-க்கு அமைத்த கடிகாரம் 50 ஹெர்ட்ஸ் லைனில் ஓடினால் மணிக்குப் பத்து நிமிடம் பிந்தும், அதற்கான தேர்வுக் காலைச் சரியாக இணைத்தீர்களா என்று பாருங்கள். லைன் ஒழுங்காக இருந்தால் இது நன்றாகவே ஓடும். ஆனால் 2018 தொடக்கத்தில் ஐரோப்பாவில் கொசோவோ, செர்பியா மின்சாரத் தகராறில் கிரிட்டின் அதிர்வெண் சற்றே குறைந்து, லைனை நம்பிய கடிகாரங்கள் கிட்டத்தட்ட ஆறு நிமிடம் பிந்தின. டிரான்ஸ்பார்மர் இல்லாமல் லைன் கரண்ட் நேராக போர்டுக்கு வரும் கிட் எதையும் புதியவர் தொடவே வேண்டாம்.

அடுத்தது மலிவாக எங்கும் கிடைக்கும் நாலு இலக்க மைக்ரோகன்ட்ரோலர் கிட், அதாவது நிரல் ஏற்றிய ஒரு சிப்பே நேரத்தை எண்ணும் வகை. பெரும்பாலும் ஏடி89சி2051 என்ற 20 கால் சிப் இருக்கும். சால்டரிங் பழக இதைவிட நல்லது இல்லை. பாகங்கள் குறைவு, ஒரு மாலையில் முடிந்துவிடும். நேரம் காட்டுவதில்தான் ஏமாற்றம். 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் இந்தச் சிப்பின் டைமர் ஒரு மைக்ரோ நொடிக்கு ஒன்று என எண்ணும். 50,000 எண்ணியதும் நிரலைக் கூப்பிடும் ஒரு இன்டரப்ட், அப்படி 20 வந்தால் ஒரு நொடி. ஒவ்வொரு முறையும் டைமரைத் திரும்ப நிரப்பும் இடைவெளியில் நிரல் 5 மைக்ரோ நொடியைத் தொலைத்தால் போதும், நாளுக்கு எட்டரை நொடி பிந்திவிடும். சாதாரணக் கிரிஸ்டலின் பிழையே நாளுக்கு இரண்டு, மூன்று நொடிதான். அதனால் கடிகாரம் பிந்துகிறதே என்று கிரிஸ்டலை மாற்றிப் பார்ப்பது வீண் வேலை. குறை நிரலில் இருந்தால் அதைத் திருத்த மூல நிரல் வேண்டும். கிட்டோடு வரும் சிப்பில் நிரல் முன்பே ஏற்றியிருக்கும், மூலம் கிடைக்காவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

சுவரில் மாட்டி நம்பிப் பார்க்கத்தான் கடிகாரம் என்றால், நேரம் காப்பதற்கென்றே உள்ள தனி ஆர்டிசி சிப் வைத்த கிட்டையே வாங்குங்கள். அதிலும் டிஎஸ்1307 வேண்டாம், டிஎஸ்3231 இருக்கட்டும். 1307-க்குக் கிரிஸ்டல் வெளியே இருக்கும். அந்த வகைக் கிரிஸ்டல் 25 டிகிரியை ஒட்டித்தான் சரியாக ஓடும். வெயில் ஏறினாலும் பிந்தும், குளிர்ந்தாலும் பிந்தும். 45 டிகிரியில் நாளுக்கு ஒரு நொடிக்குச் சற்று மேலேயே போகும். 3231 கிரிஸ்டலைத் தன்னுள்ளேயே வைத்துக்கொண்டு, வெப்பநிலையை அளந்து திருத்திக்கொள்ளும். 0 முதல் 40 டிகிரி வரை பிழை பத்து லட்சத்தில் 2 பங்குக்குள், அதாவது வருடத்துக்கு ஒரு நிமிடம் போல. கரண்ட் போனாலும் பட்டன் பேட்டரியில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும்.

இதில் ஒரு எச்சரிக்கை. டிஎஸ்3231 வைத்து வரும் இசட்எஸ்-042 என்ற மலிவான நீல நிற மாட்யூலில் பேட்டரியை சார்ஜ் செய்யும் சுற்று ஒன்று இருக்கிறது. அது எல்ஐஆர்2032 என்ற சார்ஜ் ஆகும் பேட்டரிக்கானது. சாதாரண சிஆர்2032-ஐப் போட்டு 5 வோல்ட் கொடுத்தால் பேட்டரி உப்பிக் கசியலாம். குட்டிக் கண்ணாடி டயோடுக்குப் பக்கத்தில் 201 என்று எழுதிய ரெசிஸ்டர் இருக்கும். இரு முனைகளையும் மாற்றி மாற்றிச் சூடாக்கி அதை எடுத்துவிட்டால் தொல்லை இல்லை.

வைஃபையில் நேரம் எடுக்கும் ஈஎஸ்பி8266 வகை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இணையம் இருக்கும்வரை இதைவிடச் சரியான கடிகாரம் இங்கே கிடையாது, நேரம் வைக்கும் பட்டனே தேவைப்படாது. ஆனால் சால்டரிங் வேலை ஒரு டிஸ்ப்ளேயோடு முடிந்துவிடும், வைஃபை கடவுச்சொல்லை மாற்றினால் கடிகாரத்துக்கும் சொல்ல வேண்டும். கடிகாரமாக முதலிடம், கிட்டாகக் கடைசி இடம்.

டிஸ்ப்ளேயைத் தனியாக வாங்குவதானால் நிறத்துக்கு முன்னால் காமன் ஆனோடா (கோடுகளின் பிளஸ் முனைகள் ஒன்றாக இணைந்தது) காமன் கேத்தோடா (மைனஸ் முனைகள் இணைந்தது) என்று பாருங்கள். டிஸ்ப்ளேயை ஓட்டும் மேக்ஸ்7219 சிப் காமன் கேத்தோடைத்தான் ஓட்டும். எண்கள் ஒளிரும் பழைய கண்ணாடிக் குழாயான நிக்ஸிக்கு 170 வோல்ட் போல வேண்டும், முதல் கிட்டாக அது வேண்டவே வேண்டாம்.

முதல் முறை செய்பவர் டிஎஸ்3231 உள்ள, கால்களைத் துளையில் நுழைத்துச் சால்டர் செய்யும் கிட்டை எடுக்கலாம். உள்ளே நடப்பது புரிய வேண்டும் என்பவருக்கு லாஜிக் கிட். இரண்டும் வேண்டுமென்றால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. டிஎஸ்3231-இல் 32,768 ஹெர்ட்ஸ் வெளியே வரும் ஒரு கால் உண்டு, மின்சாரம் கொடுத்ததுமே தானாக வேலை செய்யும், நிரல் தேவையில்லை. அந்தக் கால் ஓபன் டிரெயின், அதாவது தானாக மேலே ஏறாது, கீழே இழுக்க மட்டுமே செய்யும் என்பதால், அதிலிருந்து பிளஸுக்கு ஒரு ரெசிஸ்டர் (புல்-அப்) போட்டு, சிடி4060-இன் கிரிஸ்டலை எடுத்துவிட்டு 11-ஆம் காலில் கொடுங்கள். இரண்டுக்கும் 5 வோல்ட் போதும், எண்கள் மட்டும் கொஞ்சம் மங்கலாக எரியும். வருடத்துக்கு ஒரு நிமிடம் என்ற துல்லியம் லாஜிக் கடிகாரத்துக்கும் வந்துவிடும். ஆனால் கரண்ட் போனால் கவுன்டர்கள் மறந்துவிடும், மறுபடி நேரம் வைக்கத்தான் வேண்டும்.