வேலையை விட்டுவிட்டா, வேலையோடு சேர்த்தா?

இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்தில் சொந்தத் தொழிலை எண்ணுபவர்கள் முன் பெரும்பாலும் இரண்டு வழிகள் இருக்கின்றன: வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்குவது, அல்லது வேலையில் இருந்துகொண்டே சிறிதாகச் செய்து பார்ப்பது.

முழுநேரமாக இறங்குபவர் இழப்பது மாதச் சம்பளத்தை மட்டுமல்ல. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில் வழங்குநர் செலுத்தும் 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான 3 சதவீதமும் அதோடு நின்றுவிடுகின்றன. லயன் அறைகளில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வாழும் பலருக்குக் காணி உறுதி இல்லாததால், வீட்டைப் பிணையாக வைத்து வங்கிக் கடன் பெறவும் வழியில்லை. முதல் என்பது அநேகமாக நகை அடகாகவோ சீட்டுப் பணமாகவோதான் இருக்கும். தோட்டத்தை அண்டிய கடையில் அரிசியும் மாவும் மாதம் முழுவதும் கடன் கொப்பியில் ஏறி, சம்பள நாளன்றுதான் காசாகத் திரும்பும், அதுவும் முழுதாக அல்ல. ஆகவே இரண்டு மாதக் கொள்முதலுக்கான பணமும், அதைத் தொடாமல் வீட்டுச் செலவை நடத்தத் தனிப் பணமும் இல்லாதவர் இன்னும் தயாராகவில்லை என்பதே என் கணிப்பு.

பகுதிநேர வழி மெதுவானது, களைப்பும் மிகுதி. ஆனால் தீபாவளிக்குக் குவியும் தையல் ஓடர்கள் பெப்ரவரியிலும் வருகின்றனவா என்பதைச் சம்பளம் வாங்கிக்கொண்டே அறிந்துகொள்ளலாம்; வியாபாரப் பெயரையும் பிரதேச செயலகத்தில் ஆறுதலாகப் பதிவு செய்யலாம். தையல், கேக் போன்ற வீட்டுத் தொழில்களுக்கு இதுவே மேல். நகரில் முற்பணம் கட்டிக் கடை எடுப்பவருக்கு இது பொருந்தாது, ஏனெனில் பூட்டிக் கிடக்கும் நாட்களுக்கும் வாடகை உண்டு.