100ஆம் இலக்க பஸ்ஸில் என்னோடு வரும் போர்க்கதைப் புத்தகம்

2011இல் டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கினேன். டிம் ஓ'பிரையனின் 'த திங்ஸ் தே கரிட்'. வியட்நாம் போர்க் கதைகள், 1990இல் வெளிவந்தது. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போகிற பஸ்ஸில் எத்தனை தரம் வாசித்தேன் என்று கணக்கில்லை. அட்டை போய்விட்டது. நடுவில் கழன்ற தாள்கள் ரப்பர் பட்டியில் நிற்கின்றன. போர்க் கதைகளில் குறியீடு, படிமம் என்று நிறையப் பேசுகிறோம். எது தாங்கும், எது தேயும் என்பது வருடக்கணக்கில் புழங்கினால்தான் தெரிகிறது.

முதல் கதையில் சிப்பாய்கள் சுமக்கும் சாமானெல்லாம் நிறையோடு வரும். தலைக்கவசம் 5 றாத்தல். இயந்திரத் துப்பாக்கி, ரவை போடாமலே 23. வானொலிப் பெட்டி பற்றரியோடு 26. றாத்தல் என்றதும் எனக்கு ஒரு றாத்தல் பாண்தான் ஞாபகம் வரும். 26 பாணை முதுகில் கட்டிக்கொண்டு வயல் சேற்றில் நடக்கிறவனை யோசித்துப் பாருங்கள்.

அதில் லெப்டினன்ட் ஜிம்மி குரொஸ் ஒரு பெண் அனுப்பிய கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொண்டு திரிவான். முதல் வாசிப்பில் அதற்குக் கீழே கோடு போட்டு, 'ஏக்கத்தின் குறியீடு' என்று ஓரத்தில் எழுதியிருக்கிறேன். இப்போது பார்க்க வெட்கமாக இருக்கிறது. கல்லில் இன்று எனக்கு அவ்வளவு பிடிப்பில்லை, எழுத்தாளரின் விரல் அதில் தெரிகிறது. பொன்சோ என்கிற மழைப்போர்வை அப்படியில்லை. மழைக்குப் போர்க்கலாம், தரையில் விரிக்கலாம், கூடாரமாகக் கட்டலாம். நிறை ஏறக்குறைய 2 றாத்தல், சுமந்தாலும் தகும் என்கிறார். அடுத்த வரியில், டெட் லவெண்டர் என்கிற சிப்பாய் சுடப்பட்டபோது அவனைச் சுற்றியதும், வயல் கடந்து தூக்கிப்போனதும் அவனுடைய பொன்சோவில்தான். அதைக் குறியீடு என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

ரெமார்க்கின் 'ஆல் குவைட் ஒன் த வெஸ்டர்ன் ஃப்ரண்ட்' நாவலில் (1929, முதல் உலகப் போர்க் கதை) வரும் சப்பாத்தும் அதே சாதி. சிப்பாய் கெமரிக் சாகக் கிடக்கும்போதே தோழன் முல்லர் அவனுடைய சப்பாத்தைக் கேட்கிறான். முல்லர் செத்ததும் அது கதை சொல்லுகிற போலுக்கு வருகிறது. அவனோ, தனக்குப் பிறகு யாருக்கு என்று முன்கூட்டியே சொல்லிவைக்கிறான். நல்ல தோல், வீணாக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஹெமிங்வேயின் மழை எனக்கு ஒத்துவரவில்லை. 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' நாவலில் மழை வந்தால் சாவு வருகிறது. கொழும்பில் மழை வந்தால் கொடியில் காயும் உடுப்பை எடுக்க ஓடவேண்டும், காலி வீதியில் வாகனம் அசையாது. யாழ்ப்பாணத்துக் கிணறுகளோ அந்த மழையை நம்பித்தான் இருக்கின்றன.

ஓ'பிரையனிலும் குறை உண்டு. நாக்குகளைக் கோர்த்த மாலையோடு ஒரு பெண் வருவாள், சத்தம் கூடிப்போன இடம் அது. கியோவா என்கிற சிப்பாய் மலச்சேற்றில் அமிழ்ந்து சாவதைத் திரும்பத் திரும்பச் சொல்வதும் ஆரம்பத்தில் சலிப்புத் தட்டியது. அப்புறம் ஒரு செத்தவீட்டில், வந்த ஒவ்வொருவரிடமும் ஒரு தாய் அதே கடைசி இரவை முதலிலிருந்து சொல்வதைக் கேட்டேன். அதன் பிறகு அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போவதில்லை.

லவெண்டர் விழும்போது அவன்மேல் இருந்த சாமானையெல்லாம் எண்ணிவிட்டு, கடைசியில் நிறுக்காத பயத்தையும் ஓ'பிரையன் சேர்ப்பார். அந்த இடத்தில்தான் என் புத்தக அடையாளம் இருக்கிறது: இங்கே போர் நடந்த காலத்தில் பொலிஸில் பதிந்ததற்குத் தந்த துண்டு. அப்போது அடையாள அட்டையோடு அதுவும் சேர்ட் பையில் இருக்கவேண்டும். வியர்வையில் மடிப்புகள் கிழிந்தபோது அம்மா செலோடேப் ஒட்டி, பொலித்தீனில் போட்டுத் தந்தார். தராசில் வைத்தால் முள் அசையாது.

போன மாதம் புத்தகத்துக்கு உறை போட்டபோது அந்தத் துண்டு நிலத்தில் விழுந்தது. அம்மா குனிந்து எடுத்து, புடவைத் தலைப்பால் துடைத்தார். "எறிஞ்சுபோடாதை, தம்பி. எதுக்கும் இருக்கட்டும்."