ஜி.பி.எஸ். லாகரா, முழு சென்சார் வயரிங்கா: டர்பன் சிறு அணி ஒன்றின் கணக்கு

ஃபார்முலா 1 அணிகள் நினைத்தபோதெல்லாம் தடத்தில் காரை ஓட்டிச் சோதித்த காலம் 2009-ஆம் ஆண்டோடு முடிந்தது. பந்தயப் பருவத்தின் நடுவே சோதனை ஓட்டங்களுக்குக் கட்டுப்பாடு வந்த பின், ஓடுகிற ஒவ்வொரு சுற்றிலிருந்தும் எவ்வளவு தகவலைக் கறக்க முடியும் என்பதே அவர்களுடைய பெரும் போட்டியாகிவிட்டது. டர்பனில் இருந்துகொண்டு சலூன் கார் பந்தயத்தில் ஈடுபடும் எங்களைப் போன்ற அணிகளுக்கு அப்படி ஒரு விதி இல்லை. ஆனாலும் நிலைமை ஏறத்தாழ அதேதான். ஜோகன்னஸ்பர்க் அருகிலுள்ள கியாலாமி பந்தயத் தடம், என்3 நெடுஞ்சாலையில் 500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. டீசல், டயர், தடக் கட்டணம், தங்குமிடம் எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு பயிற்சி நாள் என்பது குடும்பத்தில் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டிய செலவாகிறது. அங்கே கிடைக்கும் சுற்றுகளை வீணாக்காமல் பதிவு செய்ய எந்தக் கருவி பொருத்தமானது என்பதே எங்கள் முன் இருந்த கேள்வி.

ஒரு வழி, ரோல்கேஜ் (கார் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் கூண்டு) கம்பியிலோ முன்கண்ணாடியிலோ பொருத்திவிடக்கூடிய, மின்கலத்தையும் முடுக்கமானியையும் தனக்குள்ளேயே கொண்ட ஜி.பி.எஸ். லாகர், அதாவது காரின் இடத்தையும் வேகத்தையும் பதியும் கருவி; ஏ.ஐ.எம். சோலோ இந்த வகை. மற்றொரு வழி, மோடெக் போன்ற லாகரைக் காரில் நிரந்தரமாகப் பொருத்தி, பிரேக் அழுத்தம், ஸ்டியரிங் கோணம், சக்கர வேகம், ஷாக் அப்சார்பரின் அசைவு, எண்ணெய் அழுத்தம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சென்சாரை வயர் இழுத்து இணைப்பது. என் மைத்துனர் ஓட்டும் காருக்கு நாங்கள் முதல் வழியைத் தேர்ந்தெடுத்தோம். எங்களுக்கு நெருக்கமான இன்னோர் அணி இரண்டாவது வழியில் போயிற்று. அவர்களுடைய தரவையும் நானே அமர்ந்து பார்ப்பதால்தான் இதை எழுதத் துணிகிறேன்.

முழு வயரிங் அதிகம் சொல்லும் என்பதில் வாதமே இல்லை. விலையும் அதற்கேற்பவே இருக்கும். எனவே அதைக் கடந்துவிடலாம்.

ஜி.பி.எஸ். லாகர் தருவது குறைவாகத் தோன்றினாலும், ஓட்டுநரின் நேரம் எங்கே தொலைகிறது என்பதை அறிய அந்தக் குறைவே பெரும்பாலும் போதும். இரண்டு சுற்றுகளின் வேகக் கோடுகளை, கடந்த நேரத்தின்படி அல்லாமல் கடந்த தொலைவின்படி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அடியில் நேர வித்தியாசக் கோட்டையும் ஓடவிட்டால், எந்த வளைவில் பிரேக்கை முன்கூட்டியே பிடித்தார், வளைவின் நடுவே குறைந்தபட்ச வேகம் எவ்வளவு விழுந்தது, வெளியேறும்போது முடுக்கம் எங்கே தயங்கியது என்பவை தெளிவாகத் தெரிந்துவிடும். நொடிக்கு 10 முறை பதியும் கருவியில், மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பதிவுக்கும் அடுத்ததற்கும் இடையே கார் 5 மீட்டர் ஓடிவிடுகிறது என்பது உண்மை; ஆனால் அந்த இடைவெளியை முடுக்கமானி ஓரளவு நிரப்பிவிடுகிறது. பிரேக் அழுத்தத்தில் சக்கரம் பூட்டிக்கொண்டால் சக்கர சென்சார் காட்டும் வேகம் சடாரென விழுந்துவிடும், ஜி.பி.எஸ். அப்போதும் கார் உண்மையில் போகும் வேகத்தையே காட்டும்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது விலையும் அன்று, துல்லியமும் அன்று, பராமரிப்பு. ஷாக் அப்சார்பரின் அசைவை அளக்கும் சென்சாரை எடுத்துக்கொள்ளுங்கள். காரைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களின் மேல் அதன் எடை அமர்ந்திருக்கும் நிலையைச் சுழியமாக அதற்குச் சொல்லித்தர வேண்டும். பயிற்சி நாளன்று ஸ்பிரிங்கை மாற்றினாலோ தரையிலிருந்து காரின் உயரத்தைச் சற்றே திருத்தினாலோ அந்தச் சுழியம் நகர்ந்துவிடும். சக்கரங்களின் சீரமைப்பைத் திருத்தினால் ஸ்டியரிங் சென்சாரை மறுபடி நேராக்க வேண்டும். பிரேக் அழுத்த சென்சார், காலை எடுத்த பின்னும் சிறிது அழுத்தம் இருப்பதாகக் காட்டத் தொடங்கலாம். சக்கர வேக சென்சார் பிரேக் டிஸ்க்கின் வெப்பத்துக்கு அருகில் வாழ்கிறது. அதற்கும் பல்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி சற்றே கூடினால் பதிவு விட்டுவிட்டு வரும். அகச்சிவப்பு டயர் வெப்பமானியின் கண்ணில் ரப்பர் தூசி படியும். கனெக்டர்களின் ஊசிகள் அதிர்வில் தளரும். அவற்றுக்கு மாற்று வாங்கப் போனால் விலை யூரோவிலோ பவுண்டிலோதான் இருக்கும், ரேண்டின் மதிப்பு விழும் மாதங்களில் அது தனிச் சோதனை.

இவற்றில் எதுவும் பெரிய வேலை இல்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் யாராவது செய்தாக வேண்டும். செத்துப்போன சென்சார் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். சுழியம் 3 மில்லிமீட்டர் தவறிய சென்சாரோ அழகான, நம்பத்தகுந்த கோட்டையே வரையும். அதை நம்பி ஸ்பிரிங்கை மாற்றினால் மிச்சப் பயிற்சி நாள் அதன் பின்னாலேயே போய்விடும். 1992-இல் கியாலாமியில் நைஜல் மான்செல் வென்ற வில்லியம்ஸ் எஃப்.டபிள்யூ.14பி காரில், சென்சார்களைப் படித்த கணினியே சஸ்பென்ஷனை இயக்கியது. இன்றைய ஃபார்முலா 1 காரில் ஏறத்தாழ 300 சென்சார்கள் இருப்பதாகச் சொல்வார்கள். அங்கே அது சாத்தியமாவது, அவற்றைச் சரிபார்ப்பதையே முழுநேர வேலையாகச் செய்யும் ஆட்கள் இருப்பதால்தான். வெள்ளிக்கிழமை வேலை முடித்து இரவோடு இரவாக டிரெய்லரை இழுத்துக்கொண்டு போகும் எங்கள் அணியில், மெக்கானிக்கும் டயர் மாற்றுபவரும் தரவு பார்ப்பவரும் இரண்டே பேர்தான். ஜி.பி.எஸ். லாகருக்கோ மின்கலத்தை நிரப்பிவிட்டு, வானம் தெரியும் இடத்தில் சற்று நேரம் வைத்தால் போதும்.

மற்றொரு காரணமும் உண்டு, அது எங்கள் ஊருக்கே உரியது. போர்ட் ஷெப்ஸ்டன் அருகிலுள்ள டெஸி ரேஸ்வே கடற்கரையை ஒட்டியது. கியாலாமியோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எங்கள் இன்ஜின் அங்கே சோர்ந்துவிடுவதால் நேர்தடத்தின் உச்ச வேகத்தைப் பார்த்து மனம் தளர்வதில் பொருள் இல்லை. பார்க்க வேண்டியவை பிரேக் பிடிக்கும் இடமும் வளைவின் குறைந்தபட்ச வேகமும்தான், இரண்டையும் ஜி.பி.எஸ். நன்றாகவே காட்டுகிறது.

முழு வயரிங் தெளிவாக வெல்லும் இடம் ஒன்றைச் சொல்லாவிட்டால் இந்த ஒப்பீடு நேர்மையாகாது. நீண்ட வளைவுகளில் எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்கி, அழுத்தம் ஒரு கணம் விழுவதை ஓட்டுநர் கவனிக்க மாட்டார், லாகர் கவனிக்கும். ஒரு இன்ஜினைக் காப்பாற்றினாலே அந்த சென்சாரின் விலை திரும்பிவிடும். காரைத் தரையோடு அழுத்தும் இறக்கைகளின் கீழழுத்தத்தை நம்பி ஓடும் ஒற்றை இருக்கை கார்களில், வேகத்தோடு காரின் உயரம் எப்படி மாறுகிறது என்பதை அறியாமல் எதையும் அமைக்க முடியாது என்றே நினைக்கிறேன். ஆனால் அத்தகைய காரோடு நான் வேலை செய்ததில்லை, ஆகவே அதில் என் கருத்துக்கு எடை குறைவு.

இரண்டுக்கும் நடுவே ஒரு பாதையும் இருக்கிறது. சில ஜி.பி.எஸ். லாகர்களைக் காரின் ஈ.சி.யூ.வோடு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஒற்றை கேபிளால் இணைத்தால், இன்ஜின் சுழற்சியும் த்ராட்டில் திறப்பும், ஈ.சி.யூ. தந்தால் எண்ணெய் அழுத்தமும், புதிய சென்சார் எதுவும் சேர்க்காமலேயே பதிவாகிவிடும். நாங்கள் அடுத்துச் செய்யவிருப்பது இதுதான். மைத்துனர் இந்தப் பருவம் முடிந்ததும் வேறு காருக்கு மாறும் எண்ணத்தில் இருக்கிறார். வயரிங் போட்டிருந்தால் அதில் பெரும்பகுதி பழைய காரோடு போயிருக்கும், வாங்குபவர் அதற்குத் தனியாகக் காசு கொடுக்கவும் மாட்டார். லாகரைக் கழற்றிப் புதிய காரில் மாட்ட ஒரு ஸ்பேனர் போதும்.